அம்மா பிறந்தது எந்த ஊர்?

கீழ் வீட்டு அக்கா போன மாதம் ஒரு மஞ்சள் பையோடு மாடிக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினார். அவருடைய அம்மாவின் ஜாதகம், ஓரம் பூச்சி அரித்த பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, நாலாக மடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை. அமெரிக்காவில் படிக்கும் பேத்தி குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்கிறாளாம். கொள்ளுப்பாட்டி பிறந்ததற்கு அரசாங்கப் பதிவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். அக்காவும் தன்னால் முடிந்த இடமெல்லாம் தேடிப் பார்த்துவிட்டார்.

"அம்மா அறுபது வருஷம் இந்த அடையாறுலதான் இருந்தா. இங்க அவ பொறந்ததுக்கும் பதிவு இல்ல, செத்ததுக்கும் பதிவு இல்லங்கறாங்க. அது எப்படிம்மா?"

நல்ல கேள்வி. முன்னோரைத் தேடிப் புறப்படுகிற எல்லோரும் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். டீ ஆறட்டும், நாம் நிதானமாகப் பார்ப்போம்.

பிறப்பு இறப்புப் பதிவேடு என்றதும், ஒவ்வொரு ஆளுக்கும் அரசாங்கத்தில் ஒரு கோப்பு இருக்கும், அதில் அவர் பிறந்தது முதல் எல்லாம் எழுதியிருக்கும் என்று நமக்கு ஒரு நினைப்பு. ஆதார் அட்டை வந்த பிறகு அந்த நினைப்பு இன்னும் பலப்பட்டுவிட்டது. பழைய பதிவேடு அப்படிப்பட்டதில்லை. ஊர்ச் சத்திரத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பார்களே, அதைப் போன்றது. இன்று யார் வந்தார், யார் புறப்பட்டார் என்று மட்டும் அதில் இருக்கும். வந்தவர் எந்த ஊர்க்காரர், போனவர் பிறகு எங்கே வாழ்ந்தார் என்பது சத்திரத்துக்குத் தேவையில்லை. பிறப்புப் பதிவும் அப்படித்தான்: குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ, அந்த இடத்து நோட்டில் ஒரு வரி. இறப்பும் அப்படியே. நடுவில் வாழ்ந்த அறுபது, எழுபது வருஷத்துக்கு அந்த நோட்டில் இடமே கிடையாது.

அக்காவின் அம்மா கல்யாணமாகி அடையாறுக்கு வந்தவர். கடைசி மூச்சை விட்டது மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில். மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்தில் வருகிறது, அது மாநகராட்சியின் 9-வது மண்டலம். அடையாறு 13-வது. வீட்டு விலாசம் காந்தி நகர் என்றாலும் இறந்த இடம் மயிலாப்பூர்தான், அதனால் வரி ஏறியது அந்த மண்டலத்து ஏட்டில். பிறப்பு வேறு மாவட்டம். ஆக, ஆயுளில் பெரும்பகுதி அடையாறில் கழித்தவருக்கு அடையாறு ஏட்டில் ஒரு வரிகூட இல்லாமல் போனது.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இருக்கிறார். மார்கரெட் கசின்ஸ் என்ற அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் முன்னே நின்றவர். அவர் பிறந்தது அயர்லாந்தில், ராஸ்காமன் மாவட்டத்து பாயில் என்ற சின்ன ஊரில், 1878-இல். இறந்தது அடையாறில், 1954-இல். அவர் குடும்பத்தில் யாராவது இன்று தேடினால் பிறப்புக்கு பாயிலுக்கும், இறப்புக்குச் சென்னைக்கும் போக வேண்டும். எங்கிருந்தோ வந்த அந்த அம்மையாரின் பெயரை அடையாறு ஏட்டில் தேடுவது சரி. காந்தி நகரில் குடும்பம் நடத்திய நம் அம்மாவின் பெயரை அதே ஏட்டில் தேடுவது சரியில்லை. இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் தாத்தா ஊருக்கும் போய்ப் பாத்தேனே?" என்றார்.

இங்கேதான் இரண்டாவது வழுக்கல். அக்கா ஏற்கெனவே தாத்தாவின் கிராமத்துக்குப் போய் வந்திருக்கிறார். அது தஞ்சாவூர்ப் பக்கம். அங்கேயும் பதிவில்லை. சொந்த ஊர் என்றால் நமக்கு அப்பா வழி ஊர்தான். பிள்ளை பிறக்கிற ஊர் அதுவா? வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். தலைப்பிரசவம் அங்கேதான். அக்காவின் அம்மா மூத்த பெண். அப்படியானால் நாம் தேட வேண்டியது பாட்டியின் பிறந்தகத்தில். "பாட்டிக்குப் பொறந்தாம் எது?" என்று கேட்டேன். கும்பகோணம் என்றார்.

இந்த ஒரு விஷயத்தை நிதானமாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பங்களில் தொலைந்துபோனதாக நினைக்கிற பிறப்புப் பதிவுகளில் பல தொலைந்தவை அல்ல. தாய்வீட்டு ஊரின் ஏட்டில் பத்திரமாக இருக்கின்றன, யாரும் அங்கே போய்க் கேட்பதில்லை. ஒரே தாயின் பிள்ளைகளுக்குள்ளேயே மூத்தது ஓர் ஊரிலும் மூன்றாவது வேறோர் ஊரிலும் பதிவாகியிருக்கும். பாட்டியின் அம்மா அதற்குள் காலமாகியிருந்தால், அல்லது தாய்மாமன் வேலை மாற்றலாகி வேறு ஊர் போயிருந்தால், பிரசவமும் அந்த வழியே இடம் மாறியிருக்கும். ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகிய பிறகும் விதி அதேதான். அடையாறில் குடியிருப்பவருக்கு எழும்பூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தால் பதிவு எழும்பூரில். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்தால் திருவல்லிக்கேணியில். ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் "எந்த ஊர்க்காரர்" என்று கேட்காதீர்கள். "பிரசவம் யார் வீட்டில் ஆச்சு, யார் பார்த்தா?" என்று கேளுங்கள். பதில் வேறாக வரும்.

ஊர் தெரிந்துவிட்டது. அடுத்தது நாள். அக்கா கொண்டுவந்த பள்ளிச் சான்றிதழில் 5.6.1933 என்று இருந்தது. அந்தத் தலைமுறையில் ஜூன் மாதப் பிறந்தநாளைக் கண்டால் சற்றே யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் ஜூன். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்ட காலம் அது. சான்றிதழ்த் தேதியை நம்பி ஏட்டைப் புரட்டினால் எதுவும் அகப்படாது. நல்ல வேளையாக நம்மிடம் ஜாதகம் இருக்கிறது.

ஜாதகத்தில் இப்படி எழுதியிருந்தது: ஸ்ரீமுக வருஷம், மாசி மாதம் 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை, உதயாதி நாழிகை 52. இதை நாம் இங்கிலீஷ் தேதியாக மாற்ற வேண்டும். ஸ்ரீமுக வருஷம் 1933 சித்திரையில் பிறந்தது. உடனே 1933 என்று எழுதிவிடக் கூடாது. தமிழ் வருஷத்தின் கடைசி மாதங்கள், மார்கழி பாதியில் ஆரம்பித்து பங்குனி முடிய, அடுத்த இங்கிலீஷ் வருஷத்தில் விழும் என்பது நமக்கு வருஷா வருஷம் பொங்கல் கொண்டாடியே தெரிந்ததுதான். தை முதல் தேதியே ஜனவரி 14-ஐ ஒட்டி வருகிறது. அப்படியானால் அந்த மாசி 1934-இல் வரும் மாசி. மாசி முதல் தேதி பிப்ரவரி 12, திங்கட்கிழமை. 12-ந் தேதி பிப்ரவரி 23. அது வெள்ளிக்கிழமைதானா என்று பார்த்தேன், ஆமாம், வெள்ளிக்கிழமைதான். கிழமை ஒத்துப்போனால் கணக்குச் சரி என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு படி இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உதயாதி நாழிகை 52 என்றால் சூரியன் உதித்து 52 நாழிகை கழித்து. ஒரு நாழிகை 24 நிமிஷம். 52 நாழிகைக்கு 20 மணி 48 நிமிஷம். காலை ஆறரைக்குச் சூரியோதயம் என்று வைத்துக்கொண்டால், குழந்தை பிறந்தது மறுநாள் விடியற்காலை மூன்றேகால் மணி சுமாருக்கு. பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது சூரியோதயத்தில் தொடங்குவது, அதனால் அது இன்னும் வெள்ளிக்கிழமைதான். சர்க்கார் ஏட்டுக்கு நடுராத்திரியோடு நாள் மாறிவிடும், ஆகவே அங்கே அது சனிக்கிழமை, 24.2.1934. ஜாதகமும் ஏடும் ஒரு நாள் வேறுபட்டால் யாரோ தப்பு செய்தார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு கடிகாரங்கள், அவ்வளவுதான்.

சரி, ஊரும் நாளும் இருக்கின்றன. பெயர்? அம்மாவின் பெயரைச் சொல்லி ஏட்டில் தேடினால் அகப்படுமா? பெரும்பாலும் அகப்படாது. பிறந்த சில நாளில் யாரோ ஒருவர் போய்த் தகவல் சொல்லுவார். அப்போது குழந்தைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். ஏட்டில் 'பெண்' என்று இருக்கும், தகப்பனார் பெயர் இருக்கும், தாயார் பெயர் இருக்கும், தெருவும் இருக்கும். இன்றைய சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு: பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் பெயரைச் சேர்க்க யாரும் திரும்பிப் போனதில்லை. ஆகையால் நாம் தேடுகிற கைப்பிடி குழந்தையின் பெயர் இல்லை, தகப்பனாரின் பெயர். அதிலும் வீட்டில் கூப்பிட்ட பெயரா, பத்திரத்தில் எழுதிய பெயரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவின் தாத்தாவை ஊரெல்லாம் மணி என்றுதான் அழைத்தார்களாம். கல்யாணப் பத்திரிகையில் சுப்பிரமணியன் என்று இருந்தது. விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதினோம்.

ஏடு இப்போது எங்கே இருக்கும் என்பது அடுத்த கேள்வி. நகராட்சி ஊரானால் நகராட்சியின் சுகாதாரப் பிரிவில். கும்பகோணம் பழைய நகராட்சி, 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. பெயர்ப்பலகை மாறினாலும் ஏடு உரிய வாரிசிடம்தான் இருக்கும். கிராமமானால், முன்பு கிராம முன்சீப் எழுதிய ஏடு அது. 1980-இல் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. அண்மைப் பதிவுகளை அவரிடம் கேட்கலாம். பழைய கிராம ஏடுகளோ சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நிலம் வாங்கி விற்கப் போகிற அதே ஆபீஸ்தான். அங்கே தாத்தாவின் பிறப்பும் இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

சென்னையிலும் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. அடையாற்றின் தென்கரை தொடக்கத்தில் சென்னை மாநகராட்சியில் இல்லை. சைதாப்பேட்டை நகராட்சியும் சுற்றியிருந்த பல ஊர்களும் 1946-இல்தான் சேர்ந்தன. அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். மாம்பலம் அதற்கும் முன்னால், 1923-இல் வந்தது. ஆகவே 1930-களில் இந்தக் கரையில் பிறந்த ஒருவரை மாநகராட்சிப் பதிவில் தேடிக் களைத்துப்போகாதீர்கள். இன்று எந்த அலுவலகம் என்பதைக் காட்டிலும், பிறந்த அன்று அந்த இடம் யார் கையில் இருந்தது என்பதே நமக்கு வேண்டிய விவரம். கணினியில் ஏற்றிய சென்னைப் பதிவுகளை வீட்டிலிருந்தே தேடிச் சான்றிதழை இலவசமாக எடுத்துக்கொள்ள முடிகிறது, மாநகராட்சி செய்திருக்கிற நல்ல காரியம் அது. அக்காவின் அம்மாவுடைய இறப்புச் சான்றிதழை அன்று மாலையே அப்படித்தான் எடுத்தோம்.

எவ்வளவு பின்னால் போகலாம் என்று அக்கா கேட்டார். சென்னை மாகாணத்துக்கு 1899-இல் ஒரு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. எல்லாக் கிராமத்திலும் அன்றே கட்டாயமாகிவிடவில்லை, அரசு அறிவித்த இடங்களில்தான். சுதந்திரத்துக்குப் பின் 1969-இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆக, கொள்ளுப்பாட்டி வரை போகலாம், எள்ளுப்பாட்டிக்கு அதிர்ஷ்டம் வேண்டும். கல்யாணத்துக்கோ அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமானது 2009-இல்தான். அதற்கு முந்தைய கல்யாணங்களுக்குப் பத்திரிகையும் மொய் நோட்டும் புகைப்படமும்தான் ஆவணம். அதனால் அந்த நாலாக மடித்த பத்திரிகையை நான் பிரித்து, மடிப்பு கிழியாமல் தட்டையாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அயர்லாந்தில் கதை வேறு மாதிரி. அங்கே 1864 முதல் எல்லோருக்கும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றும் பதிவு. 1922-இல் உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும் ஏராளமான தேவாலய ஏடுகளும் சாம்பலாயின. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. இன்று 100 வருஷம் தாண்டிய பிறப்பு, 75 தாண்டிய திருமணம், 50 தாண்டிய இறப்பு ஆகியவற்றின் ஏட்டுப் பக்கங்களையே அந்த அரசு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மார்கரெட் கசின்ஸ் பிறந்த காலத்து பாயில் ஏட்டை அடையாறில் டீ குடித்துக்கொண்டே புரட்டலாம். கும்பகோணத்து ஏட்டுக்கு நாம் ரயில் ஏற வேண்டியிருக்கிறது. நம் பழைய கிராம ஏடுகளையும் கரையான் தொடுவதற்கு முன் இப்படிப் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்கவும், உள்ள வரியின் நகலைப் பெறவும் சட்டம் யாருக்கும் உரிமை தருகிறது. கட்டணம் செலுத்த வேண்டும், பெரிய தொகை இல்லை. ஒரே தேதியைக் கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது. வீட்டில் பிறந்த குழந்தையைப் பற்றித் தகவல் சொல்லச் சில சமயம் வாரக்கணக்கில் தாமதித்திருப்பார்கள், வரியும் அத்தனை பக்கம் தள்ளி ஏறியிருக்கும். அதனால் 1934 பிப்ரவரி முதல் ஏப்ரல் முடிய என்று எழுதினோம். 'பிறப்புச் சான்றிதழ்' என்று மட்டும் கேட்காமல், 'பதிவேட்டில் உள்ள பதிவின் முழு நகல்' என்று சேர்த்தோம். சான்றிதழில் அச்சிட்ட கட்டங்களுக்கு வேண்டியது மட்டும்தான் இருக்கும். ஏட்டு வரியில் அதைவிட அதிகம் இருக்கும். இறப்புப் பதிவில் ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: எதனால் இறந்தார் என்பதை நகலில் தர மாட்டார்கள், சட்டம் அதை மறைத்துவைக்கச் சொல்கிறது.

"அங்கயும் இல்லன்னா?" என்று கேட்டார் அக்கா. தேடியும் பதிவு இல்லையென்றால், இல்லை என்றே ஒரு சான்று தருவார்கள். அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இந்த ஊரில், இந்த வருஷங்களில் தேடியாகிவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி. பின்னால் தேடுகிறவருக்கு ஒரு பயணம் மிச்சம். உயிரோடு இருப்பவருக்குப் பதிவே இல்லையென்றால், அந்தச் சான்றை வைத்துத்தான் தாமதப் பதிவுக்கு மனு போட முடியும். ஒரு வருஷம் கடந்துவிட்டால் அதற்கு மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது, இப்போது அது வருவாய்த் துறை அதிகாரிகளிடம் இருக்கிறது. காலமானவருக்கு அந்த வழி வேண்டியதில்லை. ஜாதகமும், பதிவு இல்லை என்ற சான்றும் சேர்ந்தே வம்சாவளிக்குப் போதும்.

மூன்று வாரம் கழித்து அக்கா கும்பகோணம் போய் வந்தார். போன செவ்வாய்க்கிழமை மறுபடி மாடிக்கு வந்தார், இந்தத் தடவை பையில்லாமல், ஒரே ஒரு காகிதத்தோடு. 24.2.1934. பெண். தகப்பனார் சுப்பிரமணியன். தாயார் பெயர், தெருப் பெயர். பிறந்த குழந்தையின் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் தகவல் கொடுத்தவர் என்று ஒரு கையெழுத்து, மையில் எழுதியது, 'மாமன்' என்று அடைப்புக்குறிக்குள் உறவும் போட்டு.

அக்கா அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தபடியே இருந்தார். பாட்டிக்கு ஒரு தம்பி இருந்ததாகச் சின்ன வயதில் கேட்டிருக்கிறாராம். பர்மாவுக்குப் போனவர், திரும்பி வந்தாரா இல்லையா என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. அவர்தான் அக்காவின் அம்மா பிறந்த செய்தியை ஆபீஸில் போய்ச் சொன்னவர்.

டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா கேட்டார். "இவர் எங்க இருந்தார்னு கேக்கலம்மா. எங்க செத்தார்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நான் நோட்டைத் திறந்தேன்.